82 வயசு கூத்து வாத்தியாரைப் பாக்க ஆறு பேர் போறோம், எப்படிக் கொண்டாடலாம்?

செய்யாத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் செய்யாறு பக்கம் ஒரு சின்ன கிராமம், இப்ப சென்னைல வேலை. எங்க ஊர் தெருக்கூத்து வாத்தியாருக்கு இப்ப 82 நடக்குது. அவர ஒரு நாள் போய்ப் பாத்து நல்லா கொண்டாடிட்டு வரணும்னு ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேரும் ரொம்ப நாளா பேசிட்டே இருக்கோம், இந்த வருஷம் காணும் பொங்கல் அன்னைக்கு எல்லாருக்கும் லீவு ஒத்து வருது, அதான் உங்ககிட்ட கேட்டுட்டு பண்ணலாம்னு.

அவரப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழால பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல கூத்து, விடிய விடிய நடக்கும். நாங்க பாயப் போட்டு முன்னாடி படுத்துடுவோம், துரியோதனன் வர நேரத்துல அம்மா எழுப்பிவிடுவாங்க. திரைக்குப் பின்னாடி இருந்து அவர் குரல் வரும், முகம் தெரியாது, கிரீடத்தோட நுனி மட்டும் திரைக்கு மேல ஆடும், அப்பவே வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். திரைய விலக்கிட்டு வந்து கிறுக்கி அடிச்சு வேகமா சுத்துனாருன்னா முன்வரிசைல இருக்கற எங்க மேலெல்லாம் புழுதி. நாங்க பத்தாவது படிக்கும்போது ஸ்கூல் ஆண்டு விழாக்கு எங்க ஆறு பேருக்கும் அபிமன்னன் சண்டை சொல்லிக் குடுத்தாரு, ரெண்டு மாசம், சாயங்காலம் களத்து மேட்டுல, ஒரு பைசா வாங்கல. இப்பவும் ஆஃபீஸ்ல நாலு பேர் முன்னாடி நின்னு பேசறப்ப அவர் சொல்லிக் குடுத்த மாதிரிதான் கால ஊனி நிக்கறேன்.

இப்ப மூட்டு வலி, ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு, சுகர் இருக்கு. அஞ்சாறு வருஷமா வேஷம் கட்டறதில்ல. வீட்டுல அவரும் அவங்க வீட்டம்மாவும்தான்.

எங்களுக்குள்ள பேச்சு இன்னும் முடியல. ஒருத்தன் மண்டபம் எடுத்து மைக் செட் போட்டு பெரிய ஆளுங்கள கூப்புட்டு பாராட்டு விழாவே வெச்சிடலாங்கறான். இன்னொருத்தன் வீட்டுக்குப் போனா போதும்ங்கறான். பணமா ஒரு தொகை குடுக்கணும்னு இருக்கோம் ஆனா எப்படி குடுத்தா அவர் மனசு நோகாது? அவர் கர்ணன் வேஷம் சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் பேரு, அதனால கர்ண மோட்சத்துல இருந்து கொஞ்சம் பாடச் சொல்லி ரெக்கார்ட் பண்ணிக்கலாமான்னும் ஒரு ஆசை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

ஆர்மோனியப்பெட்டி:

தம்பி, மண்டபம் வேண்டவே வேண்டாம். நான் பட்டுட்டு சொல்றேன்.

எங்க பெரியப்பா நாதஸ்வரம். நாலு வருஷம் முன்னாடி ஒரு அமைப்பு அவருக்கு பாராட்டு விழா நடத்துனாங்க, நாங்களும் சந்தோஷமா கூட்டிட்டுப் போனோம். சாயங்காலம் அஞ்சரைக்கு மேடைல உக்கார வெச்சாங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசறாங்க, பேசறவங்கள்ல பாதிப் பேர் அவர் வாசிச்சு ஒரு நாள் கூட கேட்டதில்ல, வரவேற்புரை வாழ்த்துரை சிறப்புரைன்னு ஒம்பது மணி ஆச்சு. நடுவுல அவருக்கு பாத்ரூம் போகணும், மேடைய விட்டு எறங்க கூச்சப்பட்டுட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. கடைசில ஏற்புரைக்கு மைக்க குடுத்தப்ப நேரம் ஆயிடுச்சு ரெண்டே வார்த்தை சொல்லுங்கன்னுட்டாங்க. அவர் மடில நாதஸ்வரம் உறையோட அப்படியே இருந்துச்சு. வீட்டுக்கு வந்து சீவாளிய எல்லாம் எடுத்து டப்பால வெச்சுட்டு ஒண்ணும் பேசாம படுத்துட்டாரு. அந்த ராத்திரி எனக்கு இன்னும் ஆறல.

சால்வையும் வேண்டாம். அவர் போன பிறகு பீரோவத் தொறந்தா அறுபதுக்கு மேல சால்வை, எல்லாம் சரிகை போட்டது, குத்தும், குளிருக்குக் கூட ஆகாது. நல்ல நூல் போர்வை ஒண்ணு, அவர் கட்டற மாதிரி நாலு முழ வேட்டி, வீட்டம்மாக்கு அவங்களுக்குப் புடிச்ச கலர்ல புடவை. சுகர்னு சொல்றீங்க, ஸ்வீட் பாக்ஸ் தூக்கிட்டுப் போகாதீங்க.

---

பின்பாட்டு:

செய்யாத்துக்காரரே, நான் கூத்துக் குடும்பம், அப்பா பெண் வேஷம், மாமா முகவீணை ஊதறவர். உங்க கேள்விய படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு, நல்லா இருங்க எல்லாரும். கொஞ்சம் விவரமா சொல்றேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

மொதல்ல கர்ண மோட்சம். தயவுசெஞ்சு அத நீங்களா கேக்காதீங்க. நம்ம பக்கம் அது பாரதக் கூத்துல வரும், சரிதான், ஆனா சாவு வீட்டுல கருமாதிக்கு விடற நாடகமும் அதுதான். 82 வயசு ஆளு வீட்டுத் திண்ணைல உக்காந்து அதப் பாடுங்கன்னு கேட்டா அவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு, கலைஞன் பாடிடுவான், ஆனா உள்ள இருந்து கேக்கற அம்மாக்கு எப்படி இருக்கும். அவரா எடுத்தா அது வேற. என்ன பாடறதுன்னு அவர்கிட்டயே விட்டுடுங்க.

ரெண்டாவது பணம். கூத்துக்காரன் பணம் வாங்கறதுக்கு கூச்சப்படறவன் இல்ல, ஆனா எப்படி வாங்கறான்னு ஒரு முறை இருக்கு. ஒரு ஊருக்கு ஆட்டம் பேசணும்னா ஊர்ப் பெரியவங்க வெத்தல பாக்கு, தேங்கா, பூ, மேல முன்பணம் வெச்சு தட்ட நீட்டுவாங்க. வாத்தியார் அத எடுத்துட்டாருன்னா ஆட்டம் முடிவாயிடுச்சு, அதுக்கப்புறம் காய்ச்சல்னாலும் போயாகணும். எங்கப்பா ஆடறத நிறுத்துன பிறகு நெறைய பேர் வந்து கைல காசு திணிச்சுட்டுப் போனாங்க, வாங்கிக்குவாரு, ஆனா அன்னைக்கு பூரா மொகம் வாடியே இருக்கும். ஒரே ஒரு தடவ, அவருகிட்ட ஆட்டம் கத்துக்கிட்ட ஒருத்தர் தட்டுல தாம்பூலம் வெச்சு, ஒரு நாள் ஆட்டம் வேணும் வாத்தியாரேன்னு நின்னாரு. அப்பா எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் வாங்குனாரு, அந்த மொகத்த நான் அதுக்கு முன்னாடி பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. நீங்களும் உதவி பண்ணப் போறோம்னு போகாதீங்க. ஆட்டத்துக்கு தாம்பூலம் வைக்கப் போங்க. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒருத்தர் போய் தட்டு வெச்சுட்டு வந்துடுங்க. அந்த ஒரு வாரம் அவர் மனசுக்குள்ள ஒத்திகை ஓடும், அதுவே பாதி வைத்தியம்.

மிச்சப் பணத்த பாட்டு நடுவுல குடுங்க. உங்களுக்கே ஞாபகம் இருக்கும், ஆட்டம் நடக்கும்போது காசு குடுத்தா, வேஷங்கள அறிமுகப்படுத்தற கட்டியங்காரன் குடுத்தவங்க பேரச் சொல்லி, இன்னார் மகன் இன்னார் இன்ன வேஷத்த மெச்சி இவ்வளவு அன்பளிப்புன்னு கூட்டத்துக்குக் கேக்கற மாதிரி சொல்லுவான், நோட்ட வேஷத்து மேலயே ஊக்கு வெச்சு குத்தி விடுவாங்க. உங்க ஆறு பேர்ல ஒருத்தர் கட்டியங்காரனா நில்லுங்க. அது பிச்சை இல்ல, மெச்சிக் குடுக்கறது. அவருக்கு அந்த வித்தியாசம் நல்லா தெரியும்.

மூணாவது, இதுதான் முக்கியம். தனியா பாடச் சொல்லாதீங்க. மத்தளம் இல்லாம, முகவீணை இல்லாம கூத்துப் பாட்டு எழும்பாது, பின்னாடி எடுத்துப் பாட ஆள் இல்லன்னா அவருக்கு மூச்சு வாங்கற எடம் கெடைக்காது. அவரோட ஜமால, அதான் கூத்துக் குழுவுல, இருந்தவங்க யாராச்சும் உயிரோட இருக்காங்களான்னு விசாரிங்க. வயசாயிட்டா இவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்கறதே இல்ல, ஒருத்தர் மகள் வீட்டுல, ஒருத்தர் வேற ஊர்ல, பஸ் ஏற முடியாது. நீங்க ஆறு பேர் போறத விட அவர் கூட்டாளி ஒருத்தர கார்ல ஏத்திட்டுப் போனீங்கன்னா அதுதான் கொண்டாட்டம்.

---

பழையநோட்டு:

மேல சொன்ன அக்கா சொன்னது அத்தனையும் சரி. ரெக்கார்டிங் பத்தி மட்டும் நான் சொல்றேன், நான் ஊர் ஊரா போய் பாட்டு பதிவு பண்றவன், பொழுதுபோக்காதான், பத்து வருஷமா.

வீடியோவ விட ஆடியோ முக்கியம். ஃபோன ஏரோப்ளேன் மோட்ல போட்டு ஒரு துண்ட மடிச்சு அது மேல வைங்க, அவர் வாய்ல இருந்து ரெண்டு அடிக்குள்ள, மத்தளத்துக்கு எதிர்ப்பக்கமா. ஃபேன நிறுத்துங்க. வீடியோ வேணும்னா இன்னொரு ஃபோன் தூரமா நிக்கட்டும், கைல புடிச்சுட்டு அவர் மூஞ்சிக்கு நேரா போகவேண்டாம். பாட்ட விட நடுவுல பேசறதுதான் பொக்கிஷம், இந்த மெட்டு யார்கிட்ட கத்துக்கிட்டது, இந்த எடத்துல அடவு எப்படி மாறும், நம்ம வடக்கத்தி பாணிக்கும் தெற்கத்தி பாணிக்கும் இந்தக் கட்டத்துல என்ன வித்தியாசம், இப்படி. அதனால பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடாதீங்க, ஓடட்டும்.

நாடக நோட்டு இருக்கான்னு கேளுங்க. கைல எழுதுன நோட்டு ஒண்ணாவது கண்டிப்பா வெச்சிருப்பாங்க. வெளிய எடுத்துட்டுப் போய் ஜெராக்ஸ் போடறேன்னு கேக்காதீங்க, அப்படிப் போன நோட்டுங்க திரும்பி வராத கதை ஊருக்கு ஊரு இருக்கு. அவர் முன்னாடியே பக்கம் பக்கமா படம் எடுத்து நோட்ட அவர் கைலயே குடுத்துடுங்க. லேமினேஷன் கூடவே கூடாது. அப்புறம் நெட்ல போடறதா இருந்தா அவர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க, அவர் பேரும் அவர் குருநாதர் பேரும் சேத்துப் போடுங்க.

செய்யாறுன்னு சொன்னதும் எனக்கு புரிசை கிராமம் ஞாபகம்தான். அதே வட்டம்தானே. புரிசை கண்ணப்ப தம்பிரான் மாதிரி ஒரு கூத்து வாத்தியார உலகத்துக்கே தெரிஞ்சதுன்னா அதுக்கு அவர் கலை மட்டும் காரணம் இல்ல, அவரத் தேடிப் போன ஆளுங்களும் காரணம். ந. முத்துசாமி 1977ல கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவ ஆரம்பிச்சவர், அவர் தம்பிரான் கூத்தப் பாத்துட்டு இதுதான்யா நம்ம தியேட்டர்னு கடைசி வரைக்கும் எழுதிட்டும் பேசிட்டும் இருந்தாரு. ஒவ்வொரு ஊர்லயும் இப்படி ஒரு வாத்தியார் இருக்காரு, தேடிப் போறதுக்குத்தான் ஆள் இல்ல. நீங்க போறீங்க.

---

தாலுக்காஆபீஸ்:

உணர்ச்சிப்பூர்வமா எல்லாரும் எழுதிட்டாங்க, நான் ஒரு உப்பு புளி விஷயம் சொல்றேன். அவருக்கு பென்ஷன் வருதான்னு பாத்தீங்களா? நலிந்த நிலைல இருக்கற கலைஞர்களுக்கு தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியா மாசம் 3000 ரூபாய் உதவித்தொகை இருக்கு. மத்திய அரசு கலாச்சாரத் துறைலயும் 60 வயசு தாண்டுன கலைஞர்களுக்கு ஒரு திட்டம் இருக்கு, வருமான வரம்பு பாப்பாங்க. நெறைய பேர் வாங்காம இருக்கறதுக்குக் காரணம் ஃபாரம் எழுத ஆள் இல்லாததுதான். வருமானச் சான்று, வயசுச் சான்று, கலைஞர்ங்கறதுக்கு ஆதாரம் வேணும். ஆதாரத்துக்கு எங்க போறதுன்னு கைய விரிச்சுடுவாங்க, ஆனா பழைய திருவிழா நோட்டீஸ் இருக்கும் பாருங்க, மஞ்சள் பேப்பர், ரோஸ் பேப்பர், அதுல ஜமா பேரு வாத்தியார் பேரு தேதியோட அச்சாயிருக்கும். அத சேத்து வைங்க, நல்ல ஆதாரம்.

அப்புறம் மாவட்ட கலை மன்றம் குடுக்கற விருது, வயசு வாரியா பிரிச்சிருக்காங்க, 18 வரைக்கும் கலை இளமணி, அப்புறம் வளர்மணி, சுடர்மணி, நன்மணி, 66 வயசுல இருந்து கலை முதுமணி. உங்க வாத்தியார் கலை முதுமணிக்கு எழுதலாம். அறிவிப்பு வரும்போது கலெக்டர் அலுவலகத்துல விசாரிச்சு நீங்களே எழுதிக் குடுங்க, கையெழுத்து மட்டும் அவர் போட்டா போதும். ஆறு பேர்ல ஒருத்தர் இத மட்டும் பொறுப்பா எடுத்துக்கங்க, எல்லாரும் பாத்துக்கலாம்னா யாரும் பாக்கமாட்டீங்க.

---

செய்யாத்துக்காரன்:

போயிட்டு வந்துட்டோம். நேத்து ராத்திரிதான் சென்னை வந்தேன், தூக்கம் வரல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

பின்பாட்டு அக்கா, நீங்க சொன்னபடியே ஒரு வாரம் முன்னாடி நானும் இன்னொருத்தனும் போய் தாம்பூலம் வெச்சோம். கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. தட்ட நீட்டி, காணும் பொங்கலுக்கு ஒரு ஆட்டம் வேணும் வாத்தியாரேன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் தட்டயே பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் அவர் கேட்டது, “இன்னா நாடகம்? எத்தினி வேஷம்?” அவ்ளோதான். உடம்பு முடியல அது இதுன்னு ஒரு வார்த்தை இல்ல. நீங்களே பாத்து சொல்லுங்கன்னோம். வெத்தலைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

அன்னைக்கே ஜமா ஆளுங்களப் பத்திக் கேட்டோம். பத்துப் பன்னெண்டு பேரு சொன்னாரு, ஒவ்வொரு பேருக்கும் கூடவே அவன் போயிட்டான், அவனும் போயிட்டான்னு சொல்லிட்டே வந்தாரு. மத்தளக்காரர் ஒருத்தர் மட்டும் வந்தவாசி தாண்டி மகள் வீட்டுல இருக்கறதா கேள்வின்னாரு. ரெண்டு பேரும் பாத்து எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சாம். ரெண்டு பேருக்கும் ஃபோன்ல பேச காது ஒத்துழைக்கல. அவர்கிட்ட சொல்லாமயே நாங்க விசாரிச்சு அந்த ஊரக் கண்டுபுடிச்சோம், காணும் பொங்கல் அன்னைக்குக் காலைல கார் எடுத்துட்டுப் போனோம். மகள் மொதல்ல தயங்குனாங்க, அப்பா இந்த வயசுல எப்படிப்பான்னு, பேசிட்டு இருக்கும்போதே அந்தப் பெரியவர் உள்ள போய் பரண்ல இருந்த மத்தளத்த பேரன விட்டு எறக்கி தோல்ல தட்டிப் பாத்துட்டு, ரவையும் தண்ணியும் எடுத்துட்டு வாம்மான்னுட்டாரு. மத்தளத்துக்கு ரவை பூசிக்கிட்டே சட்டைய மாட்டிக்கிட்டாரு, அதுக்கப்புறம் மகள் ஒண்ணும் சொல்லல, மாத்திரை டப்பாவ மட்டும் எங்க கைல குடுத்தாங்க.

வாத்தியார் வீட்டு வாசல்ல கார் நின்னு அவர் எறங்குறப்ப எங்க வாத்தியார் திண்ணைல உக்காந்திருக்காரு. கண்ணு சரியாத் தெரியாதே, யாரோ வராங்கன்னு மட்டும் பாக்கறாரு. இவர் ஒண்ணும் பேசல. மத்தளத்த மடில வெச்சு ஒரே ஒரு தீர்மானம், அதான் தாளத்த முடிக்கற அடி, வாசிச்சாரு. வாத்தியார் மொகம் அப்படியே மாறிடுச்சு, பேரச் சொல்லிக் கூப்புட்டாரு, ரெண்டு பேரும் கையப் புடிச்சுட்டு ரொம்ப நேரம் உட்டதே இல்ல. நாங்க ஆறு பேரும் தெருவுல நிக்கறோம், ஒருத்தன் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

மத்தியானம் வாழை எல போட்டு சாப்புட்டோம், போர்வையும் வேட்டியும் புடவையும் குடுத்தோம். ஆர்மோனியப்பெட்டி அண்ணே, போர்வைய உடனே பிரிச்சு கால்ல போத்திக்கிட்டாரு. சாயங்காலம் முகவீணைக்கு பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தான், வாத்தியார்கிட்ட கத்துக்கிட்ட பையன்தான், அவன்தான் இப்ப ஜமா நடத்தறான், வாத்தியாரோட கட்டை சாமானெல்லாம் அவன்கிட்டதான் இருக்கு. கிரீடமும் புஜக்கட்டையும் எடுத்துட்டு வந்திருந்தான். கல்யாண முருங்கை மரத்துல செஞ்சது, கண்ணாடி பதிச்சது, எவ்ளோ பெருசு, கைல தூக்குனா எடையே இல்ல. வாத்தியார் அதத் தடவிப் பாத்து ஒரு கண்ணாடி உழுந்திருக்குடா ஒட்டுன்னாரு.

பாடறதுக்கு உக்காந்ததும் ஒரே பிடிவாதம், திரை இல்லாம எப்படிடா வருவேன்னு. வீட்டுல இருந்த பழைய புடவை ஒண்ண நானும் இன்னொருத்தனும் ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டோம். நாற்காலிய திரைக்குப் பின்னாடி போட்டு உக்காந்தாரு. நாங்க எல்லாரும் துரியோதனன்தான் வரும்னு காத்துட்டு இருக்கோம், தெருவே கூடிடுச்சு அதுக்குள்ள.

திரைக்குப் பின்னாடி இருந்து வந்தது திரௌபதி. துகில் உரியற நாடகத்துல சபைக்கு இழுத்துட்டு வரும்போது பாடறது. எங்களுக்கு அது தெரியவே தெரியாது, அவர் 13 வயசுல ஜமால சேந்தப்ப மொதல்ல கட்டுனது பெண் வேஷமாம், திரௌபதியாம், குரல் உடைஞ்ச பிறகுதான் ராஜா வேஷத்துக்கு வந்தாராம். துரியோதனனுக்கு வேண்டிய கனமான குரல் இப்ப இல்ல, மெலிஞ்சு நடுங்கற குரல்தான் இருக்கு, ஆனா அந்தக் குரல் சபைல தனியா நிக்கற பொம்பளைக்கு அப்படிப் பொருந்துச்சு. மத்தளம் அவர் மூச்சு வாங்கற எடம் பாத்துப் பாத்து இழுத்துக் குடுக்குது, அந்தப் பையன் பின்பாட்டு எடுக்கறான். உள்ள இருந்து அம்மா ஓடி வந்து தட்டுல கற்பூரம் ஏத்துனாங்க, துகில் பாடும்போது கற்பூரம் காட்டாம உடக்கூடாதுடான்னு. தெருவுல நின்ன பொம்பளைங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாங்க. திரை புடிச்சிருந்த என் கை நடுங்குது, கீழ எறக்கணும்னே தோணல, அவர்தான் உள்ள இருந்து துணியத் தட்டி எறக்குடான்னாரு.

பணத்த அக்கா சொன்ன மாதிரியே குடுத்தோம். எங்கள்ல ஒருத்தன் கட்டியங்காரனா நின்னு ஒவ்வொருத்தர் பேரா அப்பா பேரோட சேத்துச் சொன்னான், பெரிய நோட்ட கவர்ல வெச்சு ஒவ்வொண்ணா அவர் சட்டைல குத்துனோம். அதுக்கப்புறம் நாங்க எதிர்பாக்கல, தெருக்காரங்க வர ஆரம்பிச்சாங்க, 10 ரூபாய், 20 ரூபாய், 50 ரூபாய், ஒவ்வொருத்தரும் பேரச் சொல்லச் சொல்லிக் கேட்டு. மத்தளக்காரருக்கும் குத்துனாங்க.

தாலுக்காஆபீஸ் சார், பென்ஷன் வரல, கேட்டுட்டேன். ட்ரங்குப் பெட்டில 1970கள்ல இருந்து நோட்டீஸ் வெச்சிருக்காரு, எல்லாத்தையும் படம் எடுத்துட்டேன், ஃபாரம் நான் பொறுப்பு. பழையநோட்டு சார், நாலு மணி நேரம் ஆடியோ இருக்கு, நடுவுல பேசுனது எல்லாம் சேத்து. அவரும் மத்தளக்காரரும் ஒரு மெட்டு எந்த ஊர்ல கத்துக்கிட்டதுன்னு அரை மணி நேரம் சண்டை போட்டது கூட இருக்கு. நெட்ல போடலாமான்னு கேட்டேன், மொதல்ல நான் ஒருவாட்டி கேட்டுக்கறேன்டான்னாரு. அடுத்த மாசம் ஸ்பீக்கர் எடுத்துட்டுப் போறேன்.

ராத்திரி மத்தளக்காரர மகள் வீட்டுல கொண்டு போய் உட்டுட்டு வரக் கெளம்புனோம். கார்ல ஏறுன பிறகு வாத்தியார் கம்ப ஊனிட்டு கதவு வரைக்கும் வந்து உள்ள குனிஞ்சு அவர்கிட்ட கேட்டாரு, சித்திரைல படுகளம் (திருவிழா கடைசில துரியோதனன் சாகற கூத்து) இருக்கு, வரியா. வரேன்னாரு. என்னப் பாத்து, நீதான் கூட்டிகினு வரணும்னாரு. லீவு எழுதிக் குடுத்துட்டேன்.

---

பின்பாட்டு:

தம்பி, படிச்சுட்டு உடனே எங்கம்மாக்கு ஃபோன் போட்டு முழுசா வாசிச்சுக் காட்டுனேன். எந்த ஊர் வாத்தியார்னு கேட்டாங்க, தெரியலம்மான்னேன். சித்திரைல எந்த தேதின்னு முடிவானதும் இங்க ஒரு வரி போடுங்க. முகவீணைக்கு ஆள் வேணும்னா எங்க மாமா இருக்காரு, 74 வயசு, பஸ் ஏறுவாரு.